நிலவைப் பற்றி ஜெயமலர் ரீச்சர் கேட்டவை

கார்ல்ஸ்ரூஹே
4.11.2007

அன்புள்ள அக்கா,

இல்லை, அவ்வளவு சின்னதில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பூமியின் குறுக்களவில் கால்வாசியைவிடக் கொஞ்சம் கூட. பூமி ஒரு தேங்காய் என்றால் நிலவு ஒரு தேசிக்காய். ஆனால் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் காட்டாதீர்கள். நடுவில் முப்பது தேங்காய் வரிசையாக வைக்கிற தூரம் வேண்டும். படங்களில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். அது பொய்.

நிறை வேறு கதை. எண்பத்தொரு நிலவு சேர்ந்தால்தான் ஒரு பூமி.

நான் சுகம். நீங்களும் பெரியம்மாவும் எப்படி? பெரியப்பா காலமான பிறகு எழுதுகிற முதல் கடிதம் இது. என்ன எழுதுவது என்று தெரியாமல் ஏழு மாதம் போய்விட்டது. நீங்களாக எழுதி நிலவைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. ஏழாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகம் உங்கள் பக்கம் வரவேயில்லை, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீங்களே எழுதிச் சுவரில் ஒட்டப்போகிறீர்கள் என்று வாசித்தேன். நான் பௌதிகம் படிப்பதால் ஒருவருக்குப் பயன் உண்டு என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

என் அறைத்தோழி நிருபமா கோயம்புத்தூர்க்காரி. நான் தமிழில் கடிதம் எழுதுவதை எட்டிப் பார்த்தாள். “யாருக்கு? கசினா?” என்றாள். என் அப்பாவின் அண்ணன் மகள், அக்கா என்றேன். “உங்க அக்காவுக்கு மெயில் ஐடி இல்லையா? இந்த ஊர்லயே ஸ்டாம்ப்பை நாக்குல ஒட்டுறது நீ ஒருத்திதான்” என்றாள்.

இன்னும் கேளுங்கள். எழுதுகிறேன்.

சுபானி

—

கிளிநொச்சி
12.12.2007

அன்பின் தங்கச்சி சுபானிக்கு,

கடவுள் கிருபையால் நாங்கள் சுகம். உன் கடிதம் முப்பத்தொரு நாளில் வந்தது. வழியில் ஒருமுறை திறந்து ஒட்டியிருந்தார்கள். தேங்காய்க் கணக்கை ஆரோ கவனமாய்ப் படித்திருக்க வேண்டும். அவர்களும் ஏதோ அறிந்துகொள்ளட்டும்.

தாளை ஒட்டிவிட்டேன். வகுப்பில் சந்திரகாந்தி என்று ஒருத்தி. பெயரிலேயே சந்திரன் இருப்பதால் பாடமே தன்னுடையது என்று நினைப்பு. “ரீச்சர், அங்கை சத்தம் கேக்குமோ?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தங்கச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். “உங்களுக்குத் தங்கச்சி இருக்கோ?” என்றாள். ஓம், ஜெர்மனியில் என்றேன்.

வருடத் தொடக்கத்தில் முப்பத்தாறு பேர். இப்போது முப்பத்தொன்று. பத்தாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டது. ஏன் என்று இதில் எழுதத் தேவையில்லை.

அங்கு பனி தொடங்கியிருக்கும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். உன் அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி?

அக்கா

—

கார்ல்ஸ்ரூஹே
20.1.2008

அன்புள்ள அக்கா,

பொங்கல் முடிந்து வந்தேன். எல்லோரும் நலம். அம்மாவின் மூட்டு அப்படியே.

சந்திரகாந்திக்கு: கேட்காது. ஒலியைச் சுமக்கக் காற்று வேண்டும். நிலவில் காற்று இல்லை. பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. காற்று இல்லாததால் வானம் பகலிலும் கறுப்பு. வெயிலில் நூற்றிருபது பாகை. நிழலில் உறைந்து போகும். ஒரு பகல் எங்கள் கணக்கில் இரண்டு கிழமை. ஓர் இரவும் அப்படியே. ஈர்ப்பு இங்கே இருப்பதில் ஆறில் ஒன்று. ஆறு கிலோ அரிசி ஒரு கிலோவைப் போலக் கனக்கும்.

இனி வேறு விஷயம். நீளமாக எழுதத் தெரியாது. போர்நிறுத்த ஒப்பந்தம் முறிந்தது என்று செய்தியில் பார்த்தேன். நீங்கள் அங்கிருந்து வெளியே வர வேண்டும். விசாரித்துவிட்டேன். விருந்தினர் விசாவுக்கு இங்கே ஒருவர் உங்களுக்குப் பொறுப்பு என்று கையெழுத்து வைக்க வேண்டும். அப்பாவுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் நிரந்தர வேலை. அவர் வைத்தால் போதும். அந்த அழைப்பைக் காட்டி அங்கிருந்து வெளியேறப் பாஸ் எடுக்கலாம் என்கிறார்கள். கொழும்புக்கு வந்துவிட்டால் மிச்சத்தைப் பார்க்கலாம்.

எனக்கு உங்கள் முழுப்பெயரும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் வேண்டும். உறையில் ‘ஜெயமலர், ஆசிரியை’ என்று மட்டும்தான் எழுதுகிறீர்கள். உடனே அனுப்புங்கள்.

சுபானி

—

கிளிநொச்சி
9.3.2008

அன்பின் சுபானிக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் பதிலை வாசித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. “சத்தமே இல்லையெண்டால் நல்ல இடம் ரீச்சர், நித்திரை கொள்ளலாம்” என்றது ஒரு கூட்டம். சந்திரகாந்தி எழும்பி நின்றாள். “விசரே உங்களுக்கு? வாறது கேக்காட்டி எப்பிடிப் பங்கருக்குள்ள ஓடுறது?” எல்லோரும் யோசித்தார்கள். கடைசியில் நிலவு வேண்டாம் என்று முடிவாயிற்று.

ஈர்ப்பு மட்டும் பிடித்திருக்கிறது. மன்னார்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள் நான்கு பேர் இப்போது இருக்கிறார்கள். அங்கே என்றால் தையல் மிசினையும் கொண்டுவந்திருக்கலாம் என்று ஒரு பிள்ளை சொன்னது.

அவர்கள் வந்தும் மொத்தம் இருபத்தொன்பது பேர்தான்.

அடுத்த கேள்வி. எப்போது பார்த்தாலும் நிலவில் அதே கறைதான் தெரிகிறது. அது திரும்புவதே இல்லையா? உருண்டை என்றால் பின்பக்கம் ஒன்று இருக்க வேண்டுமே.

நீ கேட்ட மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா

—

டோர்ட்மண்ட்
13.4.2008

அன்புள்ள அக்கா,

புதுவருடத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

திரும்புகிறது. ஆனால் பூமியை ஒருமுறை சுற்ற எடுக்கும் அதே நேரத்தில் தன்னையும் ஒருமுறை சுற்றுகிறது. அதனால் ஒரே முகம்தான் எங்களுக்கு. பின்பக்கம் இருட்டு என்று சொல்வது பிழை. அங்கும் வெயில் அடிக்கும். எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மறுபடி யோசித்தால் இன்னொன்று. நிலவில் நின்று பார்த்தால் பூமி உதிக்காது, மறையாது. வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும், நிலவைப் போல நாலு மடங்கு அகலமாய், நீலமாய். பின்பக்கத்தில் நிற்பவருக்குப் பூமி ஒருநாளும் தெரியாது.

சான்றிதழ் இன்னும் வரவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். இரவுச் சாப்பாட்டு மேசை. புட்டும் சம்பலும். அக்காவை இங்கே எடுக்க வேண்டும், நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டும் என்றேன். அப்பா புட்டைக் குழைத்துக்கொண்டே இருந்தார். “பாப்பம்” என்றார். எப்போது என்றேன். “இப்ப தொழிற்சாலையில ஆக்களைக் குறைக்கிறாங்கள். பாப்பம் எண்டு சொன்னன்தானே.” அம்மா எழும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டா. கழுவ ஒன்றும் இருக்கவில்லை.

அப்பா கஞ்சனில்லை. தெரியாத ஆட்களுக்கே கையெழுத்து வைத்தவர். ஊரில் பக்கத்து வீட்டுக்காரரின் மருமகனுக்கு வைத்தார். எனக்கு விளங்கவில்லை.

முழுப்பெயரையாவது எழுதுங்கள்.

சுபானி

—

கிளிநொச்சி
25.5.2008

அன்பின் சுபானிக்கு,

சுகம். பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம் கூடியிருக்கிறது. மருந்து ஒரு கிழமை கிடைக்கிறது, ஒரு கிழமை இல்லை.

பின்பக்கத்தைப் பற்றி நீ எழுதியதை வாசித்துவிட்டு நெடுநேரம் தாளை மடிக்காமல் வைத்திருந்தேன். பிறகு வகுப்பில் சொன்னேன். சந்திரகாந்தி கேட்டாள்: “அங்கை பிறந்து வளர்ந்த ஆளுக்குப் பூமியெண்டு ஒண்டு இருக்கிறதே தெரியாதோ?” ஆராவது போய்ச் சொன்னால்தான் தெரியும் என்றேன். “பாவம்” என்றாள். ஆர் பாவம் என்று சொல்லவில்லை.

இருபத்திரண்டு பேர்.

இங்கே பூரணை நாட்களை ஒருவருக்கும் பிடிப்பதில்லை. வெளிச்சத்தில் மேலே பறப்பவர்களுக்குக் கூரைகள் தெரியும். உனக்கு இது புதினமாக இருக்கும்.

சான்றிதழ் ஐயாவின் பெட்டியில் இருந்தது. பெட்டி இப்போது வேறு ஒரு வீட்டில். என்னோடு படிப்பிக்கும் பிளோறன்ஸ் ரீச்சருக்குக் கனடாவிலிருந்து அண்ணன் அழைப்பு அனுப்பியிருந்தார். தாயைப் பிணை வைத்துவிட்டுப் பாஸ் எடுத்துப் போய்விட்டாள். ஆவணிக்குப் பிறகு ஒருவருக்கும் இல்லை என்று அவளுக்குச் சொன்னார்களாம். தகவலாக எழுதுகிறேன். வேறொன்றுக்கும் இல்லை.

உன் அப்பாவை நெருக்காதே. அவருக்கு அவருடைய காரணம் இருக்கும். நீ படி.

அக்கா

—

டோர்ட்மண்ட்
6.7.2008

அன்புள்ள அக்கா,

ஆவணி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு கிழமை.

நானே அலுவலகத்தில் நேரம் கேட்டு டெர்மின் எடுத்தேன். போன செவ்வாய், வெளிநாட்டவர் அலுவலகம், ஒன்பதரை. அப்பாவை வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனேன். படிவத்தை நானே நிரப்பினேன். பெயர் என்ற இடத்தில் நின்றேன். “பெரியப்பாவின் பெயர்தானே முன்னுக்கு வரும், அப்பா?” என்று கேட்டேன். “எழுதாதை” என்றார். “பென்சிலால கூட எழுதாதை.” எங்கள் எண் சுவர்ப் பலகையில் விழுந்தது. எழும்பினார். உள்ளே போகவில்லை. வெளியே போனார். நான் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். தரிப்பிடத்தில் ட்ராமுக்கு நிற்பவரைப் போல நின்றார். நாலு ட்ராம் போயிற்று. ஏறவில்லை.

திரும்பி வரும்போது ஒரு வசனம் சொன்னார். “அவங்கள் பழைய ஃபைல் எல்லாம் எடுப்பாங்கள்.” என்ன ஃபைல் என்று கேட்டேன். வேகமாக நடந்தார்.

என் சம்பளத்தில் நான் கையெழுத்து வைக்க முடியாது. மாணவி. கேட்டுப் பார்த்தேன்.

போன மாதம் ஊன்ட்றொப் கோயில் தேருக்குப் போனோம். பஸ் பஸ்ஸாகச் சனம். ஹொலண்டிலிருந்தும் வந்திருந்தார்கள். அம்மா இரண்டு அர்ச்சனைச் சீட்டு எடுத்தா. ஒன்று எங்கள் மூன்று பேருக்கும். மற்றதை வாங்கிக்கொண்டு ஐயரின் காதுக்குள் ஒரு நட்சத்திரம் சொன்னா. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்த நட்சத்திரம் இல்லை. ஆருக்கு என்றேன். “ஆருக்கோ. பேசாமல் கும்பிடு” என்றா. வருடா வருடம் இரண்டு சீட்டு எடுப்பது நினைவுக்கு வந்தது. நான் இதுவரை கேட்டதில்லை.

இந்தக் கடிதத்தில் நிலவு இல்லை. மன்னியுங்கள்.

சுபானி

—

கிளிநொச்சி
23.8.2008

அன்பின் சுபானிக்கு,

நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதுகிறேன்.

பாஸ் நிறுத்திவிட்டார்கள். பிளோறன்ஸ் சொன்னது சரி. இனி உன் அப்பாவிடம் கேட்காதே. கேட்டுப் பயன் இல்லை என்பதால் இப்போது நிம்மதியாகச் சொல்லலாம்: நான் அந்தக் கையெழுத்தை எதிர்பார்க்கவில்லை.

போன சனி இரவு கிரகணம். நீயும் பார்த்திருப்பாய். உனக்கு முன்னிரவு, எங்களுக்கு விடியப்புறம். பங்கர் வாசலில் இருந்து பார்த்தேன். பூமியின் நிழல் ஏறியது. ஓரம் வளைந்திருந்தது. பாடத்தில் எழுதலாம் என்று நினைத்தேன்: பூமி உருண்டை என்பதற்குச் சான்று. நிழலே நிலவைவிட எத்தனை மடங்கு பெரிது? அளந்து எழுது. ஊர் முழுக்க முழித்திருந்தது, ஆனால் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. நிலவு மங்கியது நல்லது என்று பெரியம்மா சொன்னா.

வகுப்பில் ஒன்பது பேர். சந்திரகாந்தி பத்து நாளாக வரவில்லை. வீடு பூட்டவில்லை. ஆட்கள் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். அது எந்த நட்சத்திரம்? உன் அம்மா ஐயரிடம் சொன்னது. கேட்டு எழுது. வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் இதை எழுது.

அக்கா

—

கார்ல்ஸ்ரூஹே
22.9.2008

அன்புள்ள அக்கா,

ரேவதி.

போனில் கேட்டேன். அம்மா சொன்னா. ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் வைத்தேன்.

நிழல் இரண்டரை மடங்குக்கும் மேலே. நிலவு முழுவதும் உள்ளே போகலாம். அன்றைக்குப் போகவில்லை, ஒரு கீற்று வெளியே நின்றது. நான் கால்வாய்ப் பக்கம் பாலத்தில் நின்று பார்த்தேன்.

உதவி நிறுவனங்கள் எல்லாம் கிளிநொச்சியை விட்டுப் போய்விட்டன என்று வாசித்தேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? இந்தக் கடிதத்தைப் பழைய விலாசத்துக்கே போடுகிறேன். வேறு தெரியாது.

சாப்பிடுகிறீர்களா?

சுபானி

—

விசுவமடு
8.10.2008

அன்பின் சுபானிக்கு,

இதை வவுனியாவுக்குப் போகும் ஒரு கன்னியாஸ்திரி கொண்டுபோகிறா. கொழும்பில் தபாலில் சேர்ப்பா. நீ பதில் எழுதியிருந்தால் அது கிளிநொச்சித் தபாலகத்தில் இருக்கும். தபாலகம் இப்போது கிளிநொச்சியில் இல்லை. எங்கே என்றும் தெரியாது.

நாங்கள் கூரையாய்க் கட்டிய தரப்பாளுக்குக் கீழே. மழை தொடங்கிவிட்டது. பெரியம்மா நடப்பதில்லை. ஒரு முதிரை மரத்துக்குக் கீழே நாலு பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கிறேன். கலண்டர் தாளைக் கொண்டுவந்தேன். மை கரைந்துவிட்டது. இப்போது வாயால் சொல்கிறேன்.

இத்துடன் நீ கேட்ட சான்றிதழ் இருக்கிறது. பெட்டி வேறு வீட்டில் என்று எழுதியது பொய். என்னிடம்தான் இருந்தது. படிவத்துக்காக இப்போது அனுப்பவில்லை. இங்கே நனைந்துவிடும், அங்கே வைத்திரு.

வாசித்த பிறகு ஒருவரோடும் சண்டை பிடிக்காதே. எனக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. உடம்பெல்லாம் சின்னமுத்து போட்டிருந்ததாம். நெருப்பாய்க் காய்ந்ததாம். காய்ச்சல்காரப் பிள்ளையோடு விமானத்தில் ஏற்ற ஏலாது என்று ஏஜென்சிக்காரன் சொன்னானாம். மூன்று மாதத்தில் கூப்பிட்டு எடுப்பம் என்று ஐயாவிடம், உன் பெரியப்பாவிடம், விட்டார்கள். ஐயாவும் பெரியம்மாவும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பன்னிரண்டு வயதில் சொன்னார்கள். உனக்குத் தெரியாது என்றும் சொன்னார்கள். நீ எழுதிய முதல் கடிதத்தில் உனக்கு ஒன்பது வயது. குண்டு குண்டாய் எழுத்து. நான் கெடுக்க விரும்பவில்லை.

என் நட்சத்திரம் ரேவதி. அதுதானா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

கவனமாய் இரு. குளிருக்குக் காதை மூடு.

அக்கா

—

டோர்ட்மண்ட்
30.11.2008

அக்கா,

ஏழு கிழமை எடுத்து உங்கள் கடிதம் வந்தது. முந்தாநாள். கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து நேரே ரயில் ஏறினேன்.

தங்கராசா ஜெயமலர். தகப்பன், நாகலிங்கம் தங்கராசா. தாய், புஸ்பவதி. பிறந்த இடம், பருத்தித்துறை ஆஸ்பத்திரி. 1982. அப்பாவின் கையெழுத்து கீழே. இன்றைக்கும் அதே கையெழுத்து. தொழிற்சாலை லீவு விண்ணப்பத்தில் அப்படித்தான் வைப்பார்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடச் சித்தப்பா, சின்னம்மா என்று எழுதவில்லை. உன் அப்பா, உன் அம்மா, வீட்டில் எல்லோரும். பதின்மூன்று வருடக் கடிதங்கள்.

சண்டை பிடிக்கவில்லை. தாளை மேசையில் வைத்தேன். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டார். வாசித்தார். எண்பத்தைந்து தை மாதம், கிழக்கு பெர்லின் வழியாக வந்தார்களாம். அகதி விசாரணையில் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்களாம். உண்டு என்றால், ஆபத்தென்று ஓடி வந்தவன் பிள்ளையை அங்கே விட்டு வருவானா என்று கேட்பார்கள், கேஸ் நிற்காது, இல்லையென்று சொல் என்று முகாமில் இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்களாம். இல்லை என்றார். அடுத்த வருடம் நான் பிறந்தேன். ஒன்று என்று எழுதினார். பிறகு வந்த ஒவ்வொரு படிவத்திலும் ஒன்று. குடியுரிமை எடுக்கும்போதும் ஒன்று.

“முதல் படிவத்தில எழுதாததை ரெண்டாவதில எப்பிடி எழுதுறது? எழுதினால் மூண்டு பேரின்ர பாஸ்போட்டும் போகும். உன்ரையும்தான்.” இவ்வளவையும் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

நிலவைப் பற்றி ஒரு விஷயம் உங்களுக்கு நான் இன்னும் எழுதவில்லை. நிலவின் கல்லும் பூமியின் கல்லும் ஒரே வகை. ஆரம்பத்தில் பூமியில் ஒரு பெரிய பொருள் மோதி, தெறித்ததெல்லாம் சேர்ந்துதான் நிலவு ஆனது என்கிறார்கள். வருடத்துக்கு நாலு சென்ரிமீற்றர் அளவில் விலகிப் போகிறது. அளந்திருக்கிறார்கள்.

அம்மா ஒரு தாள் தந்தா. அப்படியே வைக்கிறேன்.

சுபானி

*

மகள் ஜெயமலருக்கு அம்மா எழுதுவது,

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நீ சுகமோ. அக்காவுக்கு, உன்ர பெரியம்மாவுக்கு, நான் கும்பிட்டதாய்ச் சொல்லு. உனக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது எண்டு அவவுக்குச் சொல்லாமல் வந்திட்டன். பிறகு கண்டுபிடிச்சிருப்பா. இருபத்தி மூண்டு வருசமாய் அதுதான் யோசிப்பன். மூண்டு மாசம் எண்டுதான் வந்தது. பிளேனில என்ர சட்டை நனைஞ்சு போச்சு, பாலால இல்லை, அழுததாலதான். நீ அப்ப நித்திரை. எழுப்ப வேண்டாம் எண்டு சொன்னவை. நான் எழுப்பியிருக்க வேணும்.

புஸ்பவதி

—

டோர்ட்மண்ட்
1.2.2009

அக்கா,

நவம்பர்க் கடிதம் நேற்றுத் திரும்பி வந்தது. சேவை இடைநிறுத்தம் என்று முத்திரை. அம்மாவின் தாள் உள்ளேயே. இந்த முறை ஒருவரும் திறந்து பார்த்திருக்கவில்லை.

இதை எங்கே போடுவது என்று தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நீங்கள் எங்கேயும் இல்லை என்று ஆகிவிடும்.

விசுவமடுவையும் விட்டுச் சனம் போகிறது என்கிறார்கள். கிழக்கே, கடற்கரைப் பக்கமாய். ரயில் நிலையத்துக்கு முன்னால் நூறு பேர் பதாகையோடு நின்றார்கள். எங்கள் தொடர்மாடியில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் நின்றார்கள். எல்லோருடைய கையிலும் ஆருடையதோ ஒரு படம். என்னிடம் உங்கள் படம் இல்லை. ஒரே ஒரு படம் கேட்டிருக்கலாம். நிலவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

செஞ்சிலுவைச் சங்கத்தில் தேடுவதற்குப் பெயர் கொடுத்தேன். வவுனியா முகாம்களில் பதிந்தவர்களின் பட்டியல் வந்தால் பார்ப்பார்களாம். அங்கிருந்த கிழவி, “உங்களுக்கு அவர் என்ன முறை?” என்று கேட்டா. சொன்னேன். “முகாமில் இருந்தால், எடுக்க இங்கே முதலில் உறவு பதிவாக வேண்டும். இல்லையென்றால் ஒருவரும் அவரை உங்களிடம் தரமாட்டார்கள்” என்றா.

ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன். பெயரைப் பதிந்தால் அப்பாவின் பழைய விசாரணைத் தாள்கள் திறக்கப்படும். குடியுரிமை போகலாம், போகாமலும் விடலாம் என்றார். அம்மாவினதும். என்னுடையது அப்பாவினதோடு சேர்ந்து வந்தது. உறுதி எதுவும் தரமாட்டேன் என்றார்.

நேற்று இரவு அப்பாவுக்கு இதைச் சொன்னேன். “நான் செத்த பிறகு செய்” என்றார். பிறகு, “அவள் உயிரோட இருக்கிறாளோ எண்டே தெரியாது. இல்லாத ஒருத்திக்காக இருக்கிற மூண்டு பேரையும்…” என்று தொடங்கினார். அம்மா அடுப்படியிலிருந்து வந்தா. “நிப்பாட்டுங்கோ” என்றா. இருபத்திரண்டு வருடத்தில் அம்மா அப்பாவை இடைமறித்து நான் கேட்டது இதுதான் முதல். அவர் நிறுத்தினார். பிறகு அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை. விளக்கையும் போடவில்லை.

நாளை திங்கள். சுகமாய் இருங்கள் என்று முடிக்க வேண்டும். முடிக்க வரவில்லை. பெரியம்மாவை விட்டு எங்கும் போகமாட்டீர்கள் என்று தெரியும். போகக்கூடிய ஒரு வழி வந்தால் போய்விடுங்கள்.

உங்கள் தங்கச்சி
சுபானி

2.2.2009

அம்மாவும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தா. ஏழே முக்காலுக்கு வெளிநாட்டவர் அலுவலக வாசலில் நின்றோம். எண் எடுத்தோம், பதினான்கு. எண் விழுந்ததும் இருவரும் உள்ளே போனோம். பிள்ளைகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் அம்மா இரண்டு என்று எழுதினா. நான் சான்றிதழை மொழிபெயர்ப்போடு மேசையில் வைத்து, பற்றுச்சீட்டு கேட்டு வாங்கினேன்.